வேற்றுக்கிரகவாசிகள் வந்த மதியம்

எனக்குப் பயம் சீக்கிரம் வரும். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் விபத்து என்று முடிவு கட்டிவிடுவேன். வீட்டில் யாராவது இரண்டு முறை இருமினால் எக்ஸ்ரே வரைக்கும் யோசித்துவிடுவேன். இப்பேர்ப்பட்ட நான்தான் பூனாவின் மேல் படையெடுத்து வந்த வேற்றுக்கிரகவாசிகளின் தலைவனாக நடித்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது. அந்தப் படம் முடியவே இல்லை. அதனால் வந்த வினை இன்னும் முடியாததால் இதை எழுதுகிறேன்.

அப்பா வேலை பார்த்தது ராணுவத்துக்கு வெடிமருந்து நிரப்பும் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். அதன் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். எங்களைப் போல வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஏழெட்டு, மற்றவர்கள் பெரும்பாலும் மராத்திக்காரர்கள். வேலையில் சேரும்போது, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மற்ற அப்பாக்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தார்கள். பண்டிகை நாளில் இரண்டு வார்த்தை கசியும். என் அப்பாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக, தான் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதைக்கூட அவர் அம்மாவிடம் சொன்னதில்லை.

"இன்னிக்கி இன்னா வேல?" என்று அம்மா கேட்பாள்.

"இருந்த வேலதான்" என்பார்.

அந்த வருடம் அவருக்குச் சார்ஜ்மேன் பதவி வரவேண்டியிருந்தது. ஒரு செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பரீட்சை, நேர்காணல் எல்லாம் முடிந்து உத்தரவுக்குக் காத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு சின்னப் புகார் போனாலும் ஃபைல் அப்படியே படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் ரேடியோவைக்கூட மெதுவாகத்தான் வைப்போம்.

இந்த லட்சணத்தில்தான் நான் படமெடுக்கக் கிளம்பினேன். டைரக்டர் என் கல்லூரித் தோழன். கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், தமிழை ஹிந்தியில் தோய்த்துப் பேசுவான். அவனுடைய மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்தமில்லாத நாட்களில் கேமரா சும்மா கிடக்கும். அது ஒன்றுதான் எங்கள் மூலதனம். விண்கலத்துக்கு, பிள்ளையார் விழா நடத்தும் எங்கள் கணபதி மண்டல் பையன்கள் முந்தின வருடம் தெர்மோகோலில் செய்த கைலாச மலையைக் கொடுத்தார்கள். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வெள்ளித்தாள் ஒட்டியதும் கலம் தயார். கலத்தின் அடியில் உற்றுப் பார்த்தால் நந்தியின் ஒரு காது தெரியும். என் உடம்புக்கு வெள்ளி பெயிண்ட் அடித்த ஸ்கூட்டர் கவர். தலைக்கு ஒரு தெர்மோகோல் கூடு, கண்களுக்கு இரண்டு டீ வடிகட்டி. கூட்டைக் கவரோடு சேர்த்துப் பின்பக்கம் ஊக்குகள் குத்திவிடுவார்கள். வேறொருவர் வந்து கழற்றினால்தான் எனக்கு விடுதலை.

படப்பிடிப்பு குவார்ட்டர்ஸ் மைதானத்தில். மைதானத்தின் ஒரு ஓரத்தில் மரங்கள், மரங்களுக்கு அப்பால் தொழிற்சாலையின் மதில், மதிலில் ‘படம் எடுக்கக் கூடாது’ என்று மூன்று மொழியில் பலகை. என் பயம் முழுக்க அந்தப் பலகையின் மேல்தான். மதில் ஒரு செங்கல் அளவு படத்தில் விழுந்தாலும் அப்பாவின் ஃபைல் போயிற்று. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கேமரா இதற்கு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று டைரக்டரிடம் சத்தியம் வாங்கினேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

"அரே யார், ஏலியனே இவ்ளோ டென்ஷன் எடுத்தா பப்ளிக் எப்டிடா பயப்படும்?" என்றான் அவன்.

பப்ளிக் என்று அவன் சொன்னது எங்கள் நண்பர்கள் பத்துப் பேரை. வேற்றுக்கிரகவாசிகள் இறங்கியதும் நகரத்தில் அபாயச் சங்கு ஒலிக்க வேண்டும், பத்துப் பேரும் நூறு பேராக ஓட வேண்டும். சங்குக்கு நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் வாழ்க்கையே தொழிற்சாலைச் சங்கில்தான் ஓடியது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, மாலை விடும்போது ஒன்று. கொல்லைப்புறத்தில் நின்று மதியச் சங்கை டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கொடுத்தேன். ஒரே நீளமாக ஊதினால் சாப்பிடக் கூப்பிடுவது போல இருக்கிறது என்றான் டைரக்டர். இரண்டு கேசட் போடும் டெக்கில் அதை வெட்டினான். கொஞ்சம் சத்தம், கொஞ்சம் மௌனம், மறுபடி சத்தம். மூன்று தடவை. எனக்குப் போட்டுக் காட்டினான். ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். சொன்னவன் நான்தான், அதை மறைக்க முடியாது.

அந்த மூன்று தடவைக்கு அங்கே ஓர் அர்த்தம் இருந்தது. எனக்கு அது தெரியாது. என் வயதுக்காரர் எவருக்கும் தெரியாது. நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் உள்ளே ஒரு ஷெட் வெடித்தபோது ஒலித்ததாம். அதன் பிறகு ஒலிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசினாலே ஆகாது என்று பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இருபது வருடம் அந்தச் சங்குக்குக் கீழேயே வளர்ந்த எனக்கு, சொல்லாமல் விட்ட அந்த ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. மண்டலின் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை மைதானத்தில் ஏற்றி வைத்திருந்தோம். கவிழ்ந்த கைலாசத்திலிருந்து நான் இறங்கினேன். டைரக்டர் கையை அசைத்தான். சங்கு ஒலித்தது.

முதல் தடவைக்கு நண்பர்கள் ஓடினார்கள், சிரித்துக்கொண்டே. இரண்டாவது தடவைக்கு முதல் லைன் வீடுகளின் கதவுகள் திறந்தன. மூன்றாவது முடிவதற்குள் பெண்கள் தெருவில் இருந்தார்கள். ஒருத்தி கையில் கரண்டி. ஒருத்தி தலையில் எண்ணெய் வைத்துப் பாதிப் பின்னலோடு. யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே திசையில், மெயின் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். என் நண்பர்கள் ஓடியது போல இல்லை அது. டீ வடிகட்டி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டைரக்டருக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. "க்யா பாத் ஹை, க்யா பாத் ஹை" என்று மெச்சிக்கொண்டே எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது அம்மா வந்தாள். செருப்பில்லாமல். முழங்கை வரை அரிசி மாவு. அவளோடு எங்கள் மேல்வீட்டு மராத்திக்காரப் பெண், நாங்கள் காக்கூ, சித்தி என்று கூப்பிடுகிறவள். அவளுடைய அப்பா அந்தப் பழைய விபத்தில் போனவர், இப்போது அவள் கணவர் என் அப்பாவோடு அதே செக்‌ஷனில். இரண்டு பேரும் கைகோத்து ஓடினார்கள். நான் வழியில் நின்றேன். ஏழடி உயர வெள்ளி ராட்சசன், இரண்டு சல்லடைக் கண். அம்மா என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் போனாள். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற வயதான தபால்காரரிடம் கூட்டுக்குள்ளிருந்தே கேட்டேன், எங்கே ஓடுகிறார்கள் என்று. "உள்ள வெடிச்சிட்டுதுப்பா, சங்கு கேக்கலயா?" என்றார்.

நானும் ஓடினேன். ஸ்கூட்டர் கவர் காலைத் தடுக்க, ஊக்குகள் முதுகில் குத்த, "அம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று கத்திக்கொண்டே. தெர்மோகோலுக்குள் கத்தினால் அது தனக்கே திரும்பி வருகிறது.

கேட்டில் ஐம்பது அறுபது பெண்கள். காவலாளிகள் சங்கிலி போட்டு நின்றார்கள். குச் நஹி ஹுவா, ஒன்றும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்போதும் இப்படித்தான் சொன்னீர்கள் என்றாள் காக்கூ. அவள் அப்பா செத்த அன்று சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவள் உடம்பு மொத்தமும் நடுங்கியது. கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

நான் அம்மாவின் தோளைத் தொட்டேன். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். பின்னால் கையை விட்டு ஊக்குகளைப் பிடுங்கிக் கூட்டைக் கழற்றினாள். மாவெல்லாம் என் முகத்தில் அப்பியது. தமிழில், மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு எங்களுடையது, படத்துக்காக வைத்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு மூச்சு விட்டாள். பிறகு எழுந்து காக்கூவைப் பார்த்தாள்.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லாதம்மா. அப்பா ஆர்டர் வர்ற நேரம். அஞ்சு மணிக்கு எல்லாரும் வெளிய வந்துடுவாங்கல்ல, தானா சரியாயிடும்."

"ரெண்டு மணி நேரண்டா" என்றாள் அம்மா. "அவ மூஞ்சியப் பாரு. ரெண்டு மணி நேரம் இப்டியே நிக்க வெக்கச் சொல்றியா?"

என் கையை உதறிவிட்டுப் போய், கும்பலுக்கு நடுவில் நின்று, மராத்தியில் உரக்கச் சொன்னாள். என் பையன் செய்த வேலை, சினிமாவுக்காகச் சங்கு வைத்தான், உள்ளே ஒன்றும் இல்லை.

யாரும் நம்பவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. வெள்ளி பெயிண்ட்டோடு நான் பக்கத்தில் நிற்கிறேன், அப்போதும் நம்பவில்லை. போன தடவையும் உள்ளேயிருந்து ஓர் ஆளை அனுப்பி, கேன்டீனில் சிலிண்டர் வெடித்தது என்று கதை சொல்லச் சொன்னார்களாம். உன்னிடம் யார் சொல்லச் சொன்னது என்று காக்கூ என் அம்மாவைக் கேட்டாள். பதினைந்து வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள்.

ஆனால் காவலாளி நம்பிவிட்டான். போனை எடுத்துப் பேசினான். என் அப்பாவின் பெயரையும் டிக்கெட் நம்பரையும் சொன்னது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். பாக்கெட் இல்லாத நீல உடுப்பு, தீப்பொறி பறக்காதபடி ஆணி அடிக்காத ரப்பர் ஷூ, பின்னால் ஓர் அதிகாரி. வேலை நேரத்தில் அப்பாவை அந்தக் கேட்டில் யாரும் பார்த்ததில்லை. உன் பையன் பண்ணியது, நீயே போய் இவர்களை அனுப்பிவை என்று கூட்டி வந்திருக்கிறார்கள். அவரைப் பார்த்தால் எல்லோரும் தெளிவார்கள் என்று நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஏன் இவர் ஒருவரை மட்டும் அனுப்பினார்கள், செய்தி சொல்லத்தானே என்று பெண்கள் பெருங்குரலில் அழ ஆரம்பித்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். காக்கூவிடம் போய் நின்றார்.

"உன் ஆள் நல்லா இருக்கார்" என்றார் ஹிந்தியில். "மதியம் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். உன் டப்பாவுல மேத்தி பராட்டா. பாதிய எனக்குக் கொடுத்தார்."

காக்கூ அழுகையை நிறுத்தினாள். பராட்டா அவள் செய்தது. வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் லேசில் விடுகிறவள் அல்ல. அது மதியம், இப்போது எங்கே, இந்த நிமிடம் எங்கே என்று கேட்டாள்.

அப்பா திரும்பி அந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது.

அப்பா சொன்னார். எத்தனையாவது ஷெட், உள்ளே எத்தனை பேர், அவள் கணவர் எந்த வரிசையில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இந்த நேரத்தில் அவர் கை என்ன செய்துகொண்டிருக்கும், எல்லாம். இருபத்திரண்டு வருடமாக என் அம்மாவுக்குக்கூடத் தராத வார்த்தைகள். காக்கூ கம்பியை விட்டாள். உடனே அடுத்தவள் கேட்டாள், என் ஆள்? அவள் டப்பாவில் கத்தரிக்காய். அவள் கணவர் பெட்டி அடுக்கும் கட்டடத்தில். அதற்கடுத்தவள். தனக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் அப்பா சொல்லிக்கொண்டே போனார், நடுரோட்டில், டீக்கடைக்காரர் கேட்க, ரிக்‌ஷாக்காரர் கேட்க. தெரியாதவர்களுக்கு உள்ளே ஆள் அனுப்பிக் கேட்டுச் சொன்னார். ஒவ்வொருத்தியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் அம்மா மட்டும் நின்றாள்.

"நீ வூட்டுக்குப் போ. மாவு புளிச்சிடும்" என்றார் அப்பா.

வீடியோ கேசட்டைப் பாதுகாப்புப் பிரிவு வாங்கிக்கொண்டது. படத்தில் மதில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். விழவில்லை. என் சுண்ணாம்புக் கோடு அந்த அளவில் வெற்றி. கேசட் திரும்பி வரவில்லை. அந்த ஓட்டக் காட்சி போல இனிமேல் ஒன்று எடுக்கவே முடியாது என்று டைரக்டர் என்னிடம் அழுதான். அவனை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

நான்கு நாளில் அப்பாவுக்கு மெமோ வந்தது. சங்கைப் பற்றி ஒரு வரிதான், அது பையனின் அறியாமை என்று விட்டுவிட்டார்கள். மிச்சம் முழுக்க அப்பா பேசியதைப் பற்றி. பாதுகாக்கப்பட்ட விவரங்களைப் பொது இடத்தில் வெளியிட்டது ஏன், மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அப்பா ஊரில் தமிழில் படித்தவர். ஆங்கிலத்தில் போர்டு படிப்பார், படிவம் நிரப்புவார், கடிதம் படிக்கவும் எழுதவும் வராது. அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். காக்கூ எப்படி நடுங்கினாள், ஏன் யாரும் நம்பவில்லை, சொல்லாமல் அவர்களை அனுப்ப வேறு வழியில்லை, எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.

"முடிக்கும்போது, இனிமே இப்டி நடக்காது, மன்னிச்சிக்குங்கன்னு போடணும்ப்பா. எல்லா விளக்கத்துலயும் அப்டித்தான் போடுவாங்க" என்றேன்.

"அது வேணாம்" என்றார். "நாளிக்கி இன்னொருத்தி வந்து அதே மாரி நின்னான்னா திரும்பவும் சொல்லத்தான் போறேன். செய்யப்போற காரியத்த செய்யமாட்டன்னு எழுதிக் கையெழுத்துப் போடறதா? வேல போனா போவட்டும்."

வேலை போனால் போகட்டும் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அன்று இரவு, குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் சாமான்களோடு இறங்குவதையும், மேலிருந்து காக்கூ பார்ப்பதையும் மனசு விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் என் டீ வடிகட்டிக் கண்ணால்.

மறுநாள் கேம்ப் பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் கடிதத்தை அடிக்கக் கொடுத்தேன். கடைசிப் பாராவுக்குக் கீழே என் கையால் ஒரு வாக்கியம் சேர்த்தேன். நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன், இது இனி ஒருபோதும் நடக்காது என்று உறுதி கூறுகிறேன். அடிப்பவர் அதைப் படித்துப் பார்த்து, இதுதான் முக்கியம் என்றார்.

அப்பா கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"நான் சொன்ன மாரியேதான இருக்குது?"

"இருக்குதுப்பா."

கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

ஏழு மாதம் போயிற்று. தபால்காரரைப் பார்த்தால் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். பிறகு எச்சரிக்கையோடு விட்டுவிட்டதாக ஒரு தாள் வந்தது. அடுத்த வருடம் சார்ஜ்மேன் உத்தரவும் வந்தது. அம்மா ரவா லட்டு பிடித்தாள். மேல்வீட்டுக்கு முதலில் கொடுத்தனுப்பினாள். "பாத்தியா" என்றார் அப்பா என்னிடம். "நேரா எழுதினா ஒத்துக்குவாங்க. நீதான் பயந்தாங்கொள்ளி." அந்தத் தாளைப் படித்துக் காட்டச் சொன்னார். உங்கள் மன்னிப்பைக் கருத்தில் கொண்டு என்று அதில் இருந்த வார்த்தைகளை விட்டுவிட்டுப் படித்தேன்.

இப்போது அப்பா ஓய்வு பெற்று எங்களோடு பூனாவிலேயே வாகட்டில் இருக்கிறார். நான் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலங்களில் குடியிருப்பின் பூங்காவில் அப்பா வயதுத் தமிழ்ப் பெரியவர்கள் கூடுவார்கள், பிள்ளைகளின் வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். ரிட்டயர்ட் பாங்க் மானேஜர், ஹெட்மாஸ்டர், எல்லோரும் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள். உள்ளே என்ன செய்தோம் என்று அப்பா இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை. இந்த ஒரு கதையை மட்டும் சொல்வார். மெமோ வந்தும் மன்னிப்புக் கேட்காமல் வேலை பார்த்த கதை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

போன வாரம் அலுவலகம் விட்டு வந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இவன்தான் எழுதினான். கேளுங்க இவனையே. மன்னிப்புன்னு ஒரு வார்த்த இருந்திச்சாடா அதுல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லப்பா" என்றேன்.

"அந்த லெட்டர் காப்பி எங்க? எடுத்தாயேன், சார் படிச்சிப் பாக்கணும்ன்றாரு" என்றார் அப்பா. ஹெட்மாஸ்டர் அதற்குள் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடத் தொடங்கியிருந்தார். காப்பி என் அலுவலக மேஜையின் பூட்டின டிராயரில், ஒரு கவரில் இருக்கிறது. கிழித்துப்போடப் பலமுறை எடுத்திருக்கிறேன். கீழே அந்தக் கையெழுத்து இருப்பதால் முடியவில்லை.

"வூடு மாத்தும்போது தொலஞ்சி போச்சிப்பா" என்றேன்.

"போனா போவுது" என்றார் அப்பா, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டு. "இன்னா எழுதிக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்குத் தெரியாதா?"